அப்பா பேசி முடிச்சதும்

எழுதிக்கிறீங்களா மேடம்? எழுதிக்குங்க. பேரு சுடர்விழி. அப்பா பேரு தட்சிணாமூர்த்தி, அதாவது நான்தான். கும்பகோணம். பி.எட். காலேஜ்ல உதவிப் பேராசிரியர். ஒப்பீட்டுக் கல்வின்னு ஒரு பேப்பர் இருக்கு, அதுதான் என் சப்ஜெக்ட். எந்தெந்த நாட்டுல எப்படிப் பள்ளிக்கூடம் நடத்துறாங்க, நாம எங்க கோட்டை விடுறோம், அதைப் பத்தின படிப்பு. அது வேண்டாமா? சரி. ஆனா அது தெரியாம இந்தக் கேஸ் உங்களுக்குப் புரியாது, அதனாலதான் சொல்றேன்.

வயசு பதினஞ்சு முடிஞ்சு பதினாறு நடக்குது. பத்தாவது முடிச்சிருக்கா. நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் ஸ்கூல்ல பதினொண்ணு சேக்கக் கூட்டிட்டுப் போயிட்டிருந்தேன். உங்க ஊர்ல பஸ் சாப்பாட்டுக்கு நின்னுச்சு. கிளம்பினப்ப அவ பஸ்ல இல்ல. ஒரு வரியில சொல்லணும்னா இதுதான் விஷயம். ஆனா எந்த விஷயத்தையும் ஒரு வரியில சொல்ல முடியாது மேடம். கோடிட்ட இடத்தை நிரப்பியே வளர்ந்தோம் பாருங்க, அந்தக் கெட்ட பழக்கம் அது.

டிரஸ்ஸா? சுடிதார். பச்சை. துப்பட்டா என்ன கலர்னு கவனிக்கல. ரெட்டைப் பின்னல். இல்ல, இருங்க, அடிச்சிடுங்க அதை. போன வாரம் முடியை வெட்டிக்கிட்டா. ஹாஸ்டல்ல தலை வாரிவிட யாரு இருக்காங்கன்னு சொல்லி, அவளே கத்திரிக்கோலை எடுத்து, கண்ணாடி முன்னாடி நின்னு. அவங்கம்மா அன்னிக்குப் பூரா அழுதா. நான் பாராட்டினேன். தன் வேலையைத் தானே செய்யணுங்கிறதுதானே கல்வி. தோளுக்கு மேலன்னு போட்டுக்குங்க.

போன் கிடையாது. கொடுக்கல. கம்ப்யூட்டர் கம்பெனி நடத்துறானே அமெரிக்காக்காரன், அவனே தன் பிள்ளைக்குப் போன் கொடுக்கிறதில்ல. நாமதான் பிறந்த குழந்தை கையில கொடுத்துட்டுப் பெருமையாப் போட்டோ எடுக்கிறோம்.

பொருள் எல்லாம் இதோ இருக்கு. பெட்டி, படுக்கை, வாளி, மக்கு. ஒண்ணையும் எடுத்துக்கிட்டுப் போகல. அந்த வாளியில எழுதியிருக்கிறது அவ ரோல் நம்பர். பேர் எழுதக் கூடாது, நம்பர்தான் எழுதணும்னு ஸ்கூல்ல சொன்னாங்க. நெயில் பாலிஷ் வச்சு அவதான் எழுதினா. கையெழுத்து நல்லா இருக்கும்.

வீட்டுக்குச் சொல்லல மேடம். சொல்லுவேன். கிடைச்சப்புறம் சொல்லிக்கலாம். என் சம்சாரம் கோமளாவைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. எட்டாவதோட நின்னவ, ஆனா நான் எதைச் சொன்னாலும் ஒரு பதில் வச்சிருப்பா. ரெண்டு வருஷம் முன்னாடி, "இப்படிப் பிடுங்கிப் பிடுங்கி நட்டா எப்படிங்க வேர் பிடிக்கும்?"னு கேட்டா. நான் சொன்னேன், ஏண்டி, நீ விவசாயக் குடும்பத்துப் பொண்ணுதானே, நாத்தைப் பிடுங்கித்தானே நடுறோம், அப்பத்தானே விளையுதுன்னு. அதுக்கு, "நாத்தை ஒரு தடவைதாங்க பிடுங்குவாங்க"ன்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. இப்ப இதையும் சொன்னேன்னு வைங்க, ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா.

பஸ்ல என்ன நடந்ததுன்னா. முன்னாடி லேடீஸ் சீட்டுல ஒண்ணு காலியா இருந்துச்சு, அவளை அதுல உக்கார வச்சேன். ஜன்னல் ஓரம். நான் நாலஞ்சு சீட்டுத் தள்ளிப் பின்னாடி. எனக்குப் பக்கத்துல ஒருத்தர், சேலத்துக்காரர், ஏதோ இன்ஜினியரிங் காலேஜ் ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவர். தஞ்சாவூர் தாண்டினதும் பேச்சு ஆரம்பிச்சுச்சு. நாலு வருஷப் பட்டப்படிப்பு நல்லதுங்கிறார் அவர். நான் விடுவேனா? அது அமெரிக்கா சட்டை சார், நம்ம உடம்புக்கு அளவெடுத்துத் தைச்சது இல்லைன்னேன். ஜெர்மனியைப் பாருங்க, பல்கலைக்கழகத்துல பெரும்பாலும் ஃபீஸே கிடையாது. நாம என்னன்னா வருஷத்தைக் கூட்டுறோம், செமஸ்டரை வெட்டுறோம், சிலபஸ் அட்டையை மாத்துறோம், சீர்திருத்தம்னு பேர் வைக்கிறோம். உள்ள உக்காந்திருக்கிற பிள்ளை என்ன நினைக்குதுன்னு யாராவது கேட்டோமான்னு கேட்டேன். அவர் அசந்துட்டார். பஸ்ஸே திரும்பிப் பார்த்துச்சு.

அந்த நேரத்துலதான் இங்க ஹோட்டல்ல நிறுத்தினாங்க. நான் இறங்கல. பேச்சு நல்ல கட்டத்துல இருந்துச்சு. அவ இறங்கிப் போறதைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு என் ஜன்னலுக்கு வெளியில வந்து நின்னா. "அப்பா"ன்னா. கையைக் காட்டினேன், ஒரு நிமிஷம் இருன்னு. பேச்சுக்கு நடுவுல பேசக் கூடாதுன்னு சின்னதுலயே பழக்கியிருக்கேன், அதனால நின்னா. வெயில்ல நின்னுக்கிட்டிருந்தா. பிறகு பார்த்தேன், இல்ல. முன்பக்கமா ஏறிட்டான்னு நினைச்சேன்.

கேக்காம இல்ல மேடம், கண்டக்டரே கேட்டார். "முன்னாடி பச்சை சுடிதார் பொண்ணு ஏறிடுச்சா சார்?"னு பின்னாடி பார்த்துச் சத்தம் போட்டார். நான், "ஏறியாச்சு ஏறியாச்சு, எடுங்க"ன்னேன்.

ஆமா. பார்க்காமத்தான் சொன்னேன். பஸ்ல எல்லாரும் அப்படித்தானே மேடம் சொல்றோம்.

முசிறி தாண்டிச் சேலத்துக்காரர் தூங்கிட்டார். அப்ப நான் முன் சீட்டுக்காரர்கிட்ட தொடர்ந்து பேசிக்கிட்டிருந்தேன். அவரும் கொஞ்ச நேரத்துல கண்ணை மூடிட்டார். அப்பதான் முன்னாடி இருந்து ஒரு அம்மா எழுந்து வந்தாங்க. சுடர் பக்கத்துல உக்காந்திருந்தவங்க. கூடையில கீரைக்கட்டு வச்சிருந்தாங்க. என் பக்கத்துல வந்து நின்னு, "சார், பேசி முடிச்சிட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. என்னம்மா வேணும்னேன். "உங்க பொண்ணு அந்த ஹோட்டல்லயே நின்னுக்கிச்சுங்க. அத்தை வீடு இங்கதான் இருக்குன்னு சொல்லுச்சு. அப்பா பேசி முடிச்சதும் சொல்லிடுங்கன்னு சொல்லிட்டுப் போச்சு. நீங்க இன்னும் முடிக்கலையேன்னுதான் நானும் உக்காந்திருந்தேன்"னாங்க.

இதை நல்லா எழுதிக்குங்க. எங்களுக்கு இந்த ஊர்ல அத்தையும் இல்ல, சொத்தையும் இல்ல. அந்த அம்மா அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த நிலைமை வருமா? பொறுப்பில்லாத ஜனங்க. அவங்க மேல கேஸ் போட முடியுமான்னு பாருங்க. பேர் தெரியாது. கீரைக்கூடை.

அங்கேயே இறங்கி, எதிர்ல வந்த பஸ்ஸைப் பிடிச்சு, இந்த வாளி பெட்டியோட திரும்பி வந்தேன். ஹோட்டல்ல கேட்டேன். டீ மாஸ்டர், "ஒரு பாப்பா தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சுட்டு, அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு கேட்டுச்சு, வாய்க்கால்னேன்"னார். அவ்வளவுதான். நேரா இங்க வந்துட்டேன்.

அந்தக் கான்ஸ்டபிள் ஏன் என்னை அப்படிப் பார்த்துட்டு வெளியில போறார்? பைக் எடுக்கிறாரா? சரி சரி. தேடட்டும்.

சண்டை எதுவும் இல்ல மேடம். எங்க வீட்டுல சண்டையே கிடையாது. எல்லாமே விவாதம்தான். இந்த ஸ்கூல் விஷயத்துலயும் அவ சம்மதத்தைக் கேட்டேன். எந்த அப்பா கேக்குறான், சொல்லுங்க. உனக்குச் சம்மதமான்னு உக்கார வச்சுக் கேட்டேன். "சம்மதம் இல்லைன்னா என்னப்பா செய்வீங்க?"ன்னா. சம்மதிக்கிற வரைக்கும் உன்கூடப் பேசுவேன்மான்னேன். உடனே சரின்னுட்டா. பார்த்தீங்களா, வற்புறுத்தவே இல்ல.

முன்னாடி எங்க படிச்சாளா? அது கொஞ்சம் நீளம். தண்ணி குடிச்சுக்கிறேன்.

முதல்ல மாண்டிசோரி. மர மணி, மரத்தட்டு, நல்லா இருந்துச்சு. ஆனா அங்க டீச்சருக்கு மாண்டிசோரி அம்மையாரு எந்த ஊருன்னே தெரியல, எடுத்துட்டேன். அப்புறம் ஜப்பான் முறைன்னு ஒண்ணு. ஜப்பான்ல பிள்ளைங்களே வகுப்பைக் கூட்டிப் பெருக்கும், கேள்விப்பட்டிருப்பீங்க. மன்னார்குடி பக்கம் ஒரு ஸ்கூல்ல அப்படிச் செய்றாங்கன்னு சேர்த்தேன். அப்புறம் பார்த்தா, கூட்டுற அம்மாவை வேலையை விட்டு நிறுத்திட்டு மிச்சம் பிடிச்சிருக்கான். அதுக்கும் ஜப்பானுக்கும் என்ன சம்பந்தம்? எடுத்துட்டேன். சிங்கப்பூர் கணக்குன்னு கொஞ்ச நாள். ஒரத்தநாட்டுல ஒண்ணு, அது எட்டே நாள்தான், கோமளா அதையும் ஸ்கூல் கணக்குல சேர்ப்பா, நான் சேர்க்க மாட்டேன்.

பின்லாந்து முறையில ஒண்ணு இருந்துச்சு. அதைச் சொல்லணும். தஞ்சாவூருக்கு வெளியில தென்னந்தோப்புக்குள்ள. பரீட்சை இல்ல, வீட்டுப்பாடம் இல்ல, மணி அடிக்கிறதே இல்ல. பின்லாந்துல ஏழு வயசுலதான் பள்ளிக்கூடமே ஆரம்பிக்குது, தெரியுமா? ஆறாவதும் ஏழாவதும் அங்கதான் படிச்சா. சாயங்காலம் வந்தா பேசிக்கிட்டே இருப்பா. எங்க பார்த்த நண்டு, யாரு விழுந்தா, எந்த மரத்துல பொந்து. சோறு தட்டுல காஞ்சு போகும், பேச்சு முடியாது. எனக்கு ஒரே கவலையாப் போச்சு.

ஏனா? என்ன மேடம் இப்படிக் கேக்குறீங்க. மார்க் இல்ல, கிரேடு இல்ல. பிள்ளை முன்னேறுதா பின்தங்குதான்னு எதை வச்சு அளக்கிறது? அந்த ஸ்கூல் நடத்துறவர்கிட்ட கேட்டேன். "சந்தோஷமா இருக்காளே சார்"னார். சந்தோஷத்துக்கு அளவுகோல் என்னன்னேன். சிரிக்கிறார். பின்லாந்துல டீச்சர் ஆகணும்னா முதுகலை முடிச்சு ஆராய்ச்சி செஞ்சிருக்கணும். இவர் தேங்காய் வியாபாரத்துல இருந்து வந்தவர். எடுத்துட்டேன்.

அன்னிக்கு மட்டும் கொஞ்சம் தகராறு பண்ணினா. தோப்பு கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. விரலை ஒவ்வொண்ணா எடுத்துத்தான் கூட்டிட்டு வந்தேன். குழந்தைதானே. அதுக்கப்புறம் எந்த ஸ்கூலுக்கும் அப்படித் தகராறே பண்ணினதில்ல. சொன்னா கிளம்பிடுவா.

பிறகு கொரியா மாதிரி ஒண்ணு, காலையில இருட்டோட போய் இருட்டோட வர்றது. அங்கெல்லாம் ராத்திரி டியூசனுக்குத் தலைநகர்ல சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருக்கு, அவ்வளவு ஆர்வம். கடைசியா ஒன்பதும் பத்தும் எங்க தெருப் பக்கத்து அரசுப் பள்ளி. அது என் கட்டுரைக்காக. எல்லா முறையையும் பார்த்துட்டு நம்ம முறையைப் பார்க்காம விட்டா ஒப்பீடு முழுமையாகாது.

ஆமா, கட்டுரை எழுதியிருக்கேன். கருத்தரங்குகள்ல வாசிச்சிருக்கேன், புத்தகமாவும் வரப்போகுது. அவ பேரைப் போடல, மாணவி 'சு'ன்னு போட்டிருக்கேன். ஆராய்ச்சி நெறி அப்படி. உலகத்துல எந்த ஒப்பீட்டுக் கல்வி ஆராய்ச்சியாளருக்கும் இந்த வசதி கிடையாது மேடம். அவன் பின்லாந்துல ஒரு பிள்ளையைப் பார்ப்பான், கொரியாவுல இன்னொரு பிள்ளையைப் பார்ப்பான். எனக்கு ஒரே பிள்ளை, அத்தனை முறையிலயும். பெரிய பெரிய பேராசிரியர்கள் எல்லாம் எழுந்து நின்னு கை தட்டினாங்க.

அவ படிச்சா. என் மேசையில இருந்து எடுத்துப் படிச்சிருக்கா. "மாணவி 'சு' ஒவ்வொரு புதிய சூழலுக்கும் மூன்றே வாரங்களில் இசைந்துவிடுகிறாள்"னு ஒரு இடத்துல எழுதியிருந்தேன். அதைக் காட்டி, "இசையலப்பா, மூணு வாரத்துல பேசுறதை நிறுத்திடுவேன்"னா. அவ்வளவுதான், வேற ஒண்ணும் சொல்லல. நல்ல கவனிப்பு. அதை அடிக்குறிப்புல சேர்த்துட்டேன்.

ஏன் மேடம், உங்களுக்குக் குழந்தைங்க இருக்கா? பையனா. எங்க படிக்கிறான்? இந்த ஊர் ஹைஸ்கூல்லயா. தப்பில்ல. தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா வாரத்துல எத்தனை மணி நேரம் செயல்வழிக் கற்றல் நடக்குதுன்னு நீங்க போய்க் கேட்டிருக்கீங்களா? சரி, சரி. நீங்க கேளுங்க.

பிரண்டா? இருந்தா. அரசுப் பள்ளியில ஒரு பொண்ணு வீட்டுக்கு வரும். ஷகிலான்னோ ஷர்மிளான்னோ. மொட்டை மாடியில உக்காந்து ரெண்டும் எதையாவது கொறிச்சுக்கிட்டு இருக்கும். வீடு எங்கன்னு தெரியாது. அப்பா பேரா? அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும். அதுக்கு முன்னாடி ஸ்கூல்கள்ல யாரும் ஒட்டல, ஒட்டுறதுக்குள்ள நாங்க கிளம்பிடுவோம்.

இந்த ஹாஸ்டல் ஸ்கூலா? நீங்க கேப்பீங்கன்னு தெரியும். எல்லாரும் கேக்குறாங்க, நீயா அங்க சேக்குறேன்னு. அந்த மாதிரி ஸ்கூலைக் கோழிப்பண்ணைன்னு மேடையில பேசினவன் நான். ஆனா நான் ஆராய்ச்சியாளன், ஒரே முடிவுல நிக்க முடியாது. ஜெர்மனி பல்கலைக்கழகத்துல ஃபீஸ் இல்லைன்னா, போறதுக்கு மார்க் வேணுமே. முதல்ல சீட்டு, அப்புறம் தத்துவம். ரெண்டே வருஷம். வாரம் ஒரு தடவை போன்ல பேசலாம். மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போய்ப் பார்க்கலாம். நானே ஒரு பிள்ளைகிட்ட அங்க பேசிப் பார்த்தேன். எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கு சார்"னுச்சு. கண்ணு மட்டும் வாட்ச்மேன் மேலயே இருந்துச்சு. கட்டுப்பாடு.

சமீபத்துல மாற்றமா? ஆமா. நல்ல மாற்றம். அதைச் சொல்ல மறந்துட்டேனே. இந்த ஒரு வாரமா ரொம்பப் பக்குவமா ஆயிட்டா. அலமாரியை அவளே ஒழிச்சுச் சுத்தம் பண்ணினா. கலர் பென்சில் டப்பாவைக் கீழ் வீட்டுப் பாப்பாவுக்குக் கொடுத்துட்டா. உயிரா வச்சிருந்த டப்பா அது. கொலுசைக் கழட்டி அவங்கம்மா கையில கொடுத்து, நீயே வச்சுக்கம்மான்னா. ஹாஸ்டலுக்கு எதுக்கு இதெல்லாம்னா. நேத்து ராத்திரி எனக்கு மோர் கொண்டு வந்து கொடுத்துட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்துல நின்னா. நான் கட்டுரை திருத்திக்கிட்டிருந்தேன். பொருள் மேல பற்று இல்லாத பிள்ளை, இந்த வயசுல யாருக்கு வரும்னு நினைச்சுக்கிட்டேன்.

ஏன் மேடம் எழுதுறதை நிறுத்திட்டீங்க?

இன்னொருத்தரையும் அனுப்புறீங்களா. ரெண்டு பேரு எதுக்கு? சரி, நீங்க செய்றது உங்களுக்குத் தெரியும்.

வாய்க்கால்ல தண்ணி வருதா இப்ப? மேட்டூர் திறந்துட்டாங்களா. போன வாரமேவா. ரெண்டு கரையும் தொட்டுப் போகுதா. நல்லது. எங்க பக்கம் வர இன்னும் ரெண்டு நாள் ஆகும். விவசாயத்துக்கு நல்லது.

நீச்சலா? நெதர்லாந்துல பிள்ளைங்க உடுப்பு, ஷூ எல்லாம் போட்டுக்கிட்டு நீந்திக் காட்டிச் சர்ட்டிபிகேட் வாங்கும் மேடம். ஏன்னா நாடு பூரா வாய்க்கால். தவறி விழுந்தா உடுப்போடதானே விழுவோம்னு யோசிச்சிருக்கான் பாருங்க. நானும் டெல்டா பள்ளிகள்ல இதைக் கட்டாயமாக்கணும்னு எழுதியிருக்கேன். கல்வித் துறைக்கு ரெண்டு தடவை அனுப்பியிருக்கேன், பதிலே...

இவளுக்கா?

இவளுக்குத் தெரியாது. கத்துக்கொடுக்கல.

ஏன் இதைக் கேக்குறீங்க? அவ அந்த மாதிரிப் பொண்ணு இல்ல. நீங்க போலீஸ்காரங்க, உங்களுக்கு எதைப் பார்த்தாலும் அப்படித்தான் தோணும். அவ தைரியசாலி. எத்தனை பள்ளிக்கூடம் பார்த்த பிள்ளை. ஒரு தடவை கூட என்கிட்ட அழுதது இல்ல. அழணும்னா அவங்கம்மாகிட்ட போவா. இல்லைன்னா மொட்டை மாடிக்குப் போவா. என்கிட்ட வந்ததில்ல.

எனக்கு அவ மேல பாசம் இல்லைன்னு நினைக்காதீங்க மேடம். எனக்கு அவதான் எல்லாம். வேற யாருக்காக இதெல்லாம் பண்ணினேன்? நான் படிச்ச பள்ளிக்கூடத்துல கூரை கிடையாது, வாத்தியார் வந்தா பிரம்பு, வராட்டி மழை. என் பிள்ளைக்கு உலகத்துல எது நல்லதோ அதைக் கொடுக்கணும்னு நினைச்சேன். இக்கரைக்கு அக்கரை பச்சைன்னு கோமளா சொல்லுவா. பச்சையா இருந்தா அங்க கூட்டிட்டுப் போறதுதானே அப்பன் வேலை? அதுல என்ன தப்பு? சொல்லுங்க. யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்க.

போன் அடிக்குது மேடம். எடுங்க.

என்னவாம்? வெளியில போய்ப் பேசாதீங்க, இங்கயே பேசுங்க. நான் கேக்கக் கூடாதா?

என்ன மேடம்? கிடைச்சுட்டாளா? அப்பாடா. நான் சொன்னேன் இல்ல. எங்க இருக்கா? எந்த மதகு? உக்காந்திருக்காளா நிக்கிறாளா? கைப்பிடிச் சுவருக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

அந்தப் பக்கமா.

யாரையும் கிட்ட வர விட மாட்டேங்கிறாளா. யாரோ எருமை மேய்க்கிறவர் பேச்சுக் கொடுத்துக்கிட்டிருக்காரா. என்ன பேசுறார் அவர்? அவர் எருமையைப் பத்தியா. அதுக்கு அவ ஏதாவது சொல்றாளா? கேக்குறாளா. எருமைக்கு என்ன பேருன்னு கேட்டாளா.

போலாம். வாங்க, ஜீப்ல ஏறுங்க, நான் வந்து பேசுறேன். நான் ரெண்டு வார்த்தை பேசினா இறங்கிடுவா. ஏன் நிக்கிறீங்க?

என்ன கேட்டீங்க?

என் குரலைக் கேட்டா இந்தப் பக்கம் வருவாளா, இல்ல...

வருவா மேடம். என் பொண்ணு, வராம எங்க போவா? சின்னதுல தெருமுனையில என் சைக்கிள் மணி கேட்டாலே போதும், ஜட்டியோட ஓடி வருவா. அது ஸ்கூல்ல சேக்குறதுக்கு முன்னாடி. அதுக்கப்புறமும் கூப்பிட்டா வருவா. வந்து நிப்பா. சுவரைப் பார்த்துக்கிட்டு நிப்பா, நான் சொல்றதை முடிக்கிற வரைக்கும். முடிச்சதும் போயிடுவா. அதை வர்றதுன்னு சொல்லலாமா மேடம்? நீங்க கேக்குற மாதிரி வர்றதுன்னு?

இருங்க. அவசரப்படுத்தாதீங்க. யோசிச்சுப் பார்க்கிறேன்.

எனக்குத் தெரியல மேடம். நிஜமாவே தெரியல. நான் கூப்பிட்டா அவ என்ன செய்வான்னு எனக்குத் தெரியல. பயமா இருக்கு.

இந்தாங்க என் போன். கோமளான்னு இருக்கும், அழுத்துங்க. அழுவா, திட்டுவா, பரவாயில்ல. இந்தப் பிள்ளைகிட்ட எப்படிப் பேசணும்னு அவகிட்ட கேளுங்க, அவளுக்குத் தெரியும். சீக்கிரம் கேளுங்க மேடம். நான் ஜீப்ல பின்னாடி உக்காந்துக்கிறேன். வாயைத் திறக்கல.